கம்பளித் தொப்பியும் கழுத்து வளையமும்: அளவெடுத்தல், வடிவமைத்தல், பின்னுதல்

மாணவர்களே, பின்னல் வேலை என்றதும் பலர் குறிப்புப் புத்தகத்திலுள்ள வரைவிலக்கணங்களை மனனம் செய்துகொண்டு வருகிறார்கள். "காரணம் தருக", "கணித்துக் காட்டுக" என்று வினா சற்றுத் திரும்பினால் பேனா நின்றுவிடுகிறது. எனவே இப்பாடத்தில் ஒரு தொப்பியையும் ஒரு கழுத்து வளையத்தையும் நாமே வடிவமைத்துப் பார்ப்போம். கழுத்து வளையம் என்பது இரு முனைகளும் இணைக்கப்பட்டு, தலை வழியாக நுழைத்து அணியப்படும் மப்ளர் ஆகும்.

முதலில் அடிப்படை. நெய்த துணியில் பாவு, ஊடு என இரு தொகுதி நூல்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. பின்னல் துணியிலோ ஒரே நூல் கண்ணி கண்ணியாகக் கோக்கப்படுகிறது. இழுக்கும்போது கண்ணிகள் வடிவம் மாறி நீள்கின்றன, விட்டதும் மீள்கின்றன. பொத்தானோ நாடாவோ இன்றித் தொப்பி தலையைப் பற்றி நிற்பது இதனால்தான். கண்ணிகளுக்கிடையிலும் கம்பளி இழையின் இயற்கையான சுருள்களுக்கிடையிலும் காற்று தங்குகிறது. காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. அங்கே இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இனி மாதிரித் துண்டு. இதைத்தான் எல்லோரும் தவிர்க்கப் பார்க்கிறார்கள். நானும் தவிர்த்தவன்தான். பல்கலைக்கழக விடுமுறையில், கொழுந்து பறிக்கச் செல்லும் அம்மாவுக்கென ஒரு தொப்பி பின்னினேன். நூல் அம்மாவின் காசில் வாங்கியது. அளந்து பார்க்காமல், ஒரு பழைய புத்தகத்தில் இருந்த 96 கண்ணிகளை அப்படியே ஏற்றினேன். என் கை தளர்வான கை. தொப்பி அம்மாவின் புருவத்தைத் தாண்டி இறங்கியது. வீட்டில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் கூடைக் கயிறு தலையில்தான் மாட்டப்படுகிறது. கயிற்றின் கீழ்த் தொப்பி வழுக்கினால் கூடையும் வழுக்கும். சரிவில் நிற்பவருக்கு அது சிரிப்பல்ல. அன்றிரவே பிரித்துவிட்டேன்.

என்ன நடந்தது என்பதைக் கணித்துப் பார்க்கலாம். அந்தப் புத்தகம் 10 செ.மீ.க்கு 20 கண்ணிகள் என எடுத்துக்கொண்டது. 96 கண்ணிகள் 48 செ.மீ. தரும். என் கையில் 10 செ.மீ.க்கு 18 கண்ணிகளே விழுந்தன. 96 ஐ 1.8 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 53.3 செ.மீ. பத்துச் சென்ரிமீற்றரில் இரண்டு கண்ணி வித்தியாசம், தலையில் ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் போய் நிற்கிறது.

ஆகவே 30 கண்ணிகள் ஏற்றி, 40 வரிசைகள் பின்னி, கழுவி, நிழலில் விரித்துக் காயவைத்த பின்னர் அளக்கவும். ஓரக் கண்ணிகள் ஒழுங்கற்றவை. நடுவிலுள்ள 10 செ.மீ.யை மட்டும் எண்ணவும். ஊசியை வாங்கும்போது மில்லிமீற்றர் அளவைப் பார்க்கவும். பழைய ஆங்கிலேய இலக்க முறையில் இலக்கம் கூடக் கூட ஊசி மெலியும் (8 ஆம் இலக்கம் 4 மி.மீ., 10 ஆம் இலக்கம் 3.25 மி.மீ.). அமெரிக்க முறையில் இது நேர்மாறு.

இப்போது தொப்பி. தலைச் சுற்றளவு 54 செ.மீ. எனவும், மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 20 கண்ணிகள், 28 வரிசைகள் எனவும் கொள்வோம். தொப்பி தலையைவிடச் சிறியதாக இருந்தால்தான் இறுகப் பற்றும். 5 செ.மீ. கழித்தால் 49 செ.மீ.; 98 கண்ணிகள். உச்சியை எட்டுப் பகுதிகளாகக் குறைக்கப் போவதால் 8 ஆல் வகுபடும் எண் தேவை. அண்மையிலுள்ளது 96. இரண்டு நேரான ஊசிகளில் பின்னிப் பின்னர் தைப்பதால் தையலுக்கு ஓரத்துக்கு ஒன்றாக 2 கண்ணிகள் சேர்க்க, மொத்தம் 98.

விளிம்பு 5 செ.மீ., அதாவது 14 வரிசைகள், இரண்டு நேர்ப் பின்னல், இரண்டு மறுப் பின்னல் என்ற றிப் முறையில் அமையும். சாதாரணப் பின்னலை விளிம்பாக விட்டால் அது சுருண்டுகொள்ளும். 98 கண்ணிகளில் வரிசை இரண்டு நேர்ப் பின்னலில் தொடங்கி இரண்டு நேர்ப் பின்னலில் முடியும். ஒவ்வோர் ஓரத்திலும் ஒன்று தையலுக்குள் போனால், மீதியான ஒன்றும் ஒன்றும் சேர்ந்து இரண்டாகி, றிப் கோடு தடையின்றித் தொடரும். இதனை நான் வெகுகாலம் கழித்தே கவனித்தேன். அதன்பின் 10 செ.மீ., அதாவது 28 வரிசைகள், நேர்ப்பக்கத்தில் நேர்ப் பின்னலும் மறுபக்கத்தில் மறுப் பின்னலுமாகப் பின்னவும்.

உச்சிக்கு 96 கண்ணிகளும் பன்னிரண்டு வீதம் எட்டுப் பகுதிகளாகும். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னினால் ஒரு வரிசையில் 8 குறையும். முதல் ஆறு குறைப்புகளை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையிலும், அடுத்த ஐந்தை வரிசைதோறும் செய்க. 12 + 5 = 17 வரிசைகள்; சுமார் 6 செ.மீ. மொத்த உயரம் 21 செ.மீ. ஆகிறது. எஞ்சும் 8 கண்ணிகளுடன் ஓரக் கண்ணிகள் இரண்டுமாகப் பத்தினூடாக நூலைக் கோத்து இழுத்து, பக்கத்தைத் தைக்கவும்.

கழுத்து வளையம் இலகுவானது. அது இறுகத் தேவையில்லை. ஆனால் தலை நுழைய வேண்டும். 60 செ.மீ. சுற்றுக்கு 120 கண்ணிகளும் தையலுக்கு இரண்டும், 22 செ.மீ. உயரத்துக்கு 62 வரிசைகள். மேலும் கீழும் சில வரிசைகள் றிப் வைத்தால் சுருளாது.

நிறக்கோலம் போட விரும்புவோர் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கோலத்தின் கண்ணி எண்ணிக்கையால் மொத்தம் மீதியின்றி வகுபட வேண்டும். 96 என்பது 6, 8, 12 கண்ணிக் கோலங்களுக்குப் பொருந்தும். 10 கண்ணிக் கோலத்துக்குப் பொருந்தாது. அதற்கு 100 கண்ணிகள் எடுத்து உச்சியைப் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கலாம். மற்றது, கண்ணி சதுரமன்று. சதுரக் கட்டத் தாளில் 14 க்கு 14 கட்டங்களில் வரைந்த வட்டம், பின்னியதும் 7 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமுமாக நசுங்கிய முட்டையாகும். அதையே 10 கண்ணி அகலம், 14 வரிசை உயரம் என வரைந்தால் வட்டம் வட்டமாகவே வரும். விகிதம் என்ற கணித அலகு இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

பராமரிப்பு: கம்பளி இழையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உள்ளன. சுடுநீரில் கசக்கினால் இவை ஒன்றோடொன்று சிக்கித் துணி சுருங்கித் தடிக்கும். அதை மீட்க முடியாது. இளஞ்சூட்டு நீரில் மெதுவாகக் கழுவி, முறுக்காமல், தட்டையாக விரித்து நிழலில் உலர்த்தவும். அக்றிலிக் நூல் இவ்வாறு சிக்குவதில்லை, விலையும் குறைவு. ஆனால் கம்பளியைப் போல ஈரத்தை உறிஞ்சாது.

பழைய சுவெற்றரைப் பிரித்தெடுத்த நூலும் நல்லதே. நெளிவு போக நனைத்து, சிறு பாரம் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்த பின்னர் பயன்படுத்தவும். அம்மாவின் இரண்டாவது தொப்பி, பிரித்த அதே நூலில் பின்னியது. 10 செ.மீ.க்கு 18 எனக் கணித்து, 88 கண்ணிகளும் தையலுக்கு இரண்டும் ஏற்றினேன். அது கயிற்றின் கீழ் நகரவில்லை.

பயிற்சி வினாக்கள்

1. தலைச் சுற்றளவு 50 செ.மீ.; 10 செ.மீ.க்கு 18 கண்ணிகள். 5 செ.மீ. கழித்து, 8 ஆல் வகுபடுமாறு தொப்பிக்குரிய கண்ணிகளைக் கணிக்க.
2. 7 கண்ணிக் கோலம் ஒன்றை 49 செ.மீ. தொப்பியில் (10 செ.மீ.க்கு 20 கண்ணிகள்) அமைக்க முடியுமா? உச்சியை எவ்வாறு பிரிப்பீர்?
3. தொப்பி தலையைவிடச் சிறிதாகவும் கழுத்து வளையம் தலையைவிடப் பெரிதாகவும் அமைவது ஏன்?

விடைக் குறிப்பு: (1) 45 × 1.8 = 81; எனவே 80, தையலுடன் 82. (2) முடியும், 98 கண்ணிகள், 14 கோலங்கள், உச்சி 14 கண்ணி வீதம் 7 பகுதிகள். (3) தொப்பி மீள்தன்மையால் பற்றி நிற்க வேண்டும். வளையம் தலையைக் கடந்து கழுத்தில் தளர்வாக அமைய வேண்டும்.