உப்பள ஊரில் குருவிப் படம் கறுக்காமல் எடுக்க

மரக்காணம் உப்பளங்களின் வெள்ளைப் பளபளப்பில், வேலியோரத் தேன்சிட்டும் சின்னானும் படத்தில் கருநிழலாகிவிடுகின்றன. தெளிவாக எடுக்கச் சில வழிகள்:

1. காலை 8 மணிக்குள், வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். சாய்வெயிலில்தான் தேன்சிட்டின் கழுத்து மினுமினுக்கும்.

2. பின்னணியில் உப்புக்குவியல் இருந்தால் எக்ஸ்போஷரை +1 ஆக்குங்கள். வெண்மையைக் கண்டதும் கேமரா தானாகவே ஒளியைக் குறைத்துவிடும்.

3. ஷட்டர் வேகத்தை 1/1000 வையுங்கள். சிட்டுகள் ஓரிடத்தில் நிற்பதில்லை.

4. துரத்தாமல் செம்பருத்திச் செடியருகே உட்கார்ந்திருங்கள். தேனுக்காகச் சிட்டு திரும்பத் திரும்ப வரும்.

5. கூட்டை நெருங்காதீர்கள். பதறும் தாய்ப்பறவை முட்டைகளைக் கைவிடக்கூடும்.

6. லென்ஸைத் துடைக்கும் முன் புளோயரால் ஊதுங்கள். கடற்காற்றில் வரும் உப்புத்துகள் கண்ணாடியைக் கீறும்.

கை பழகியதும், 2021-இல் பறவைகள் சரணாலயமான கழுவெளிக்குப் போகலாம். அங்கே வனத்துறை அனுமதித்த இடங்களில் மட்டும் படமெடுங்கள்.