செபஸ்தியாரின் அம்புகள்: வரலாறும் மரபும்

ஜனவரி 20ஆம் திகதி புனித செபஸ்தியாரின் திருநாள். மரத்திலே கட்டுண்டு, மேனியெங்கும் அம்பு தைத்து நிற்கும் அவருடைய சுருவத்தை அறியாதவர் நம்மில் யார்? அந்த அம்புகளாலேயே அவர் உயிர் துறந்தார் என்றுதான் பலரும் எண்ணுகின்றனர். ஆனால் அம்புகளின் கதையைச் சொல்லும் பழைய நூலே அப்படிக் கூறவில்லை.

ஐந்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்நூலின்படி, செபஸ்தியார் உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியனின் மெய்க்காவற் படையில் அதிகாரி. சிறையிலிருந்த கிறிஸ்தவர்களுக்கு அவர் திடமூட்டி வந்தது வெளிப்படவே, அவரை அம்பெய்து கொல்லும்படி அரசன் கட்டளையிட்டான். இறந்துவிட்டாரென எண்ணி வீரர்கள் விட்டுச் சென்றனர். அடக்கம் செய்ய வந்த ஐரீன் என்னும் விதவை, உயிர் இருப்பதைக் கண்டு, தன் வீட்டில் வைத்துப் பராமரித்தாள். குணமடைந்தவர் ஓடி ஒளியாமல், அரசன் முன்னே சென்று அவனுடைய கொடுமையை நேருக்கு நேர் கண்டித்தார். அதன் பின்பே தடிகளால் அடித்துக் கொல்லப்பட்டார்.

இவையெல்லாம் அப்படியே நடந்தவைதாமா? அவர் இறந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்தபின் எழுந்த நூல் ஆதலால், ஒவ்வொரு நிகழ்ச்சியையும் வரலாறு என்று சாதிக்க முடியாது. அதற்கு முந்திய முக்கிய சான்றுகள் இரண்டு. முதலாவது, கி.பி. 354ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றிலுள்ள உரோமைத் திருச்சபையின் வேதசாட்சிகள் பட்டியல். அதில் செபஸ்தியாருக்கு ஒரே வரிதான்: அவர் பெயர், ஜனவரி 20 என்ற நாள், அடக்கம் செய்யப்பட்ட நிலத்தடிக் கல்லறை. இரண்டாவது, நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிலான் ஆயராயிருந்த புனித அம்புரோசியாரின் வாக்கு. செபஸ்தியார் மிலான் நகரத்தவர் என்றும், உரோமைக்குச் சென்று அங்கே வேதசாட்சியானார் என்றும் அவர் குறிப்பிடுகிறார். இரண்டிலும் அம்பைப் பற்றிய பேச்சே இல்லை.

கொள்ளைநோயை எய்த அம்பாகக் காண்பது பழங்கால வழக்கு. 91ஆம் சங்கீதமும் பகலில் பறக்கும் அம்பையும் கொள்ளைநோயையும் அடுத்தடுத்துச் சொல்கிறது. 680இல் இத்தாலியைக் கொள்ளைநோய் வாட்டியபோது, பாவியா நகரில் செபஸ்தியாருக்குப் பீடம் எழுப்பியதும் நோய் தணிந்தது என்பது மரபு. அன்று முதல் நோயாளரின் பாதுகாவலராக அவர் போற்றப்படுகிறார்.

மரபை ஒருபுறம் வைத்துவிட்டால் மிஞ்சுவது பெயர், நாள், கல்லறை ஆகிய மூன்றே. இது அற்பமா? ஆதிக் கிறிஸ்தவர்கள் ஆண்டுதோறும் அந்த நாளில் அந்தக் கல்லறையில் கூடினார்கள். அரசன் அழிக்க நினைத்தவரின் பெயரை அழியவிடவில்லை. பிற்காலக் கதை முழுவதும் இந்த நினைவின்மேல் வளர்ந்ததே.

அன்பான மலையக மக்களே, நமது முன்னோரையும் எண்ணிப் பாருங்கள். கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களில் எத்தனையோ பேர் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டார்கள். அவர்கள் வேதசாட்சிகள் அல்லர். ஆயினும் இறைவனின் பிள்ளைகள். அவர்களுடைய பெயரை எழுதிவைத்தவர் யார்? அவர்கள் கிடக்கும் இடத்தை நமக்குக் காட்டுவார் யார்?

போனது போகட்டும், இருப்பதையாவது காப்போம். வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேட்டு, மரித்தோரின் பெயர், இறந்த நாள், அடக்கம் செய்த இடம் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். நவம்பர் 2ஆம் திகதி, மரித்த விசுவாசிகளின் நினைவு நாளில், அந்தப் பெயர்களைச் சொல்லி மன்றாடுங்கள். செபஸ்தியாரை நமக்குக் காத்துத் தந்ததும் இப்படி எழுதிவைத்த ஒரு வரியே.