சைலன்சர் புகை சொல்லும் சேதி

இந்த முறை அறிவியல் பகுதிக்கு என்னை எழுதச் சொன்னார்கள். ராக்கெட், செயற்கைக்கோள் என்று ஏதாவது எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போன மார்கழியில் ஒரு காரின் புகையால் எங்கள் வீட்டில் பத்து நாள் யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. அதனால் அதையே பாடமாக எழுதுகிறேன்.

கார் எங்கள் பெரியப்பாவுடையது. பழைய அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், நான்கு சிலிண்டர். (மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் செய்த வண்டி. 2014-இல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே இன்று ரோட்டில் பார்க்கும் எந்த அம்பாசிடரும் பழைய வண்டிதான்.) கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம், கோயில் டிரிப் என்று வாடகைக்கு ஓட்டி, அதில்தான் அவர்கள் குடும்பம் நடக்கிறது. அந்த வண்டி நீலப் புகை விட ஆரம்பித்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். அங்கே கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "ரிங் போச்சுண்ணே. இன்ஜினை இறக்கி போர் பண்ணணும். நாப்பதாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். பெரியம்மா கையில் கிடந்த வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்ததை நானே பார்த்தேன்.

கதை அப்படியே நிற்கட்டும். முதலில் பாடம்.

பெட்ரோல் என்பது ஹைட்ரோகார்பன். அதிலுள்ள ஆக்டேனை எடுத்துக்கொள்வோம். ஒரு மூலக்கூறில் 8 கார்பன், 18 ஹைட்ரஜன். முழுசாக எரிந்தால் 8 கார்பன் டை ஆக்ஸைடும் 9 நீர் மூலக்கூறும் கிடைக்கும். கார்பன் டை ஆக்ஸைடு கண்ணுக்குத் தெரியாது. நீரும் ஆவியாக இருக்கும்வரை தெரியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்றால் நம்புவீர்களா? கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். மார்கழிக் குளிரில் ஸ்டார்ட் செய்தவுடன் சைலன்சரில் வெள்ளையாக ஆவி வருவதும், குழாய் நுனியில் நீர் சொட்டுவதும் இதனால்தான். இன்ஜின் சூடானதும் அது மறைந்துவிடும். அது நோய் இல்லை.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை மொத்தமாக வந்துகொண்டே இருந்தால்தான் பயப்பட வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்து ஆவியாகி வருகிறது என்று சந்தேகிக்கலாம். பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும், அல்லது சிலிண்டர் ஹெட்டில் விரிசல். கூலன்ட் ஊற்றிய வண்டியில் புகை லேசாக இனிப்பு வாசம் அடிக்கும் என்று சொல்வார்கள். நம் பக்கம் பழைய வண்டிகளில் பலர் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றுகிறார்கள், அதற்கு ஏது வாசம்? ஆகவே மூக்கை நம்பாமல் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். வெளியே எங்கும் ஒழுகாமல் ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா? ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி வருகிறதா? டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் கலந்த டீ போல இருக்கிறதா? இருந்தால் வண்டியை அதற்கு மேல் ஓட்டக்கூடாது. சூட்டில் ஹெட் வளைந்துவிட்டால் செலவு இரட்டிப்பு. சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் தயவுசெய்து யாரும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்ததும் அழுத்தம் இறங்கி, ஒரே சீற்றாக முகத்தில் அடிக்கும்.

கறுப்புப் புகை அவ்வளவு பெரிய வியாதி இல்லை. ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தாலோ பெட்ரோல் கூடினாலோ கார்பன் முழுதாக எரியாமல் கரியாக வெளியே வரும். நம் வீட்டு விறகடுப்பு மாதிரிதான். ஏர் ஃபில்டர் தூசியால் அடைத்திருக்கலாம், இழுத்த சோக்கை உள்ளே தள்ள மறந்திருக்கலாம், கார்புரேட்டரில் மிதவை சரியாக மூடாமல் இருக்கலாம். எங்கள் பெரியப்பாவே ஒருமுறை சோக்கைத் தள்ளாமல் பல கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, "பெட்ரோல் பங்க்காரன் ஏமாத்திட்டான்" என்று திட்டியிருக்கிறார்! டீசல் வண்டி மேடு ஏறும்போது கரும்புகை தள்ளினால் ஏர் ஃபில்டரையும் நாசிலையும் பார்ப்பார்கள்.

இனி நீலப் புகைக்கு வருவோம். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. "வண்டி ஆயில் குடிக்குது" என்பார்கள். இதில் எல்லோருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது? கீழே இருந்து பிஸ்டன் ரிங் தேய்ந்து ஏறலாம். மேலே இருந்து வால்வ் கைடு, வால்வ் சீல் வழியாக இறங்கலாம். இரண்டிலும் புகையின் நிறம் ஒன்றுதான். அதனால் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. புகை எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ரிங் போயிருந்தால், இன்ஜின் பாரம் இழுக்கும்போதெல்லாம் புகை வரும். மேடு ஏறும்போது விடாமல் வரும். பிக்கப் குறையும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கேயும் புஸ்புஸ் என்று புகை தள்ளும்.

வால்வ் சீல் போயிருந்தால் கதை வேறு. இரவு முழுவதும் ஆயில் சொட்டுச் சொட்டாக வால்வு வழியே இறங்கி நிற்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கும்பல் நீலப் புகை வந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டால் இன்டேக் பக்கம் வெற்றிடம் அதிகமாகும், அது ஆயிலை உறிஞ்சும். பிறகு காலை வைத்ததும் பின்னால் குப்பென்று புகை. வெகுநேரம் நின்ற இடத்தில் ஓடவிட்டு அழுத்தினாலும் இப்படியே. ஒர்க்‌ஷாப்பில் பார்த்தது அந்த ஒரு புகையைத்தான்.

இங்கேதான் என் பங்கு. அதற்கு முந்தின வாரம் ஏற்காட்டுக்கு ஒரு டிரிப். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். நான் பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து வந்தேன் (வாந்தி வராமல் இருக்க, அது வேறு கதை). ஏறும்போது பின்னால் சுத்தமாக இருந்தது. இறங்கும்போது, ஒவ்வொரு வளைவு முடிந்து பெரியப்பா ஆக்ஸிலேட்டரை மிதித்தபோதும் ஒரு உருண்டை நீலப் புகை. இதை நான் சொன்னதும் பெரியப்பா, "சின்னப் பையன் உனக்கு என்னடா தெரியும்?" என்றார். ஆனால் வளையலை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போகவில்லை. பக்கத்துத் தெருவில் தனியாக வேலை செய்யும் மெக்கானிக் அண்ணனைக் கூட்டி வந்தார்.

அவர் முதல்நாள் சாயங்காலமே வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, காலை ஆறு மணிக்கு வந்து தானே ஸ்டார்ட் செய்தார். புகை வந்தது, அடங்கியது. இன்ஜின் சூடானதும் நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் மீட்டரை வைத்து கம்ப்ரஷன் பார்த்தார். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு. "ஒண்ணு குறைஞ்சிருந்தா அந்தத் துளையில ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பேன் தம்பி. ஏறினா ரிங், ஏறலன்னா வால்வு. அடுத்தடுத்த ரெண்டு குறைஞ்சா நடுவுல கேஸ்கட்" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆயில் எந்த ரிங்கையும் சுற்றி நின்று இடைவெளியை அடைக்கும், வால்வை அடைக்காது. எவ்வளவு சுலபமான சோதனை!

ஹெட்டை மட்டும் கழற்றினார். கைடில் இரண்டு தேய்ந்திருந்தன, சீல்கள் காய்ந்து பிளாஸ்டிக் மாதிரி ஒடிந்தன. எல்லாம் மாற்றி, புது ஹெட் கேஸ்கட் போட்டு, ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது. போர் வேலை இல்லை. முதல் ஒர்க்‌ஷாப்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன், அவசரத்தில் பார்த்திருக்கலாம். உண்மையிலேயே ரிங் போன வண்டிகளும் நிறைய உண்டு, அவற்றுக்குச் செலவு செய்துதான் ஆக வேண்டும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பழைய கார் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம், பெரியவர்கள் உடன் இருக்கும்போது. சைலன்சருக்கு ஒரு அடி தள்ளி வெள்ளைத் தாளைச் சிறிது நேரம் பிடியுங்கள். ஈரம் பட்டுக் காய்ந்துபோனால் நீர். விரலால் தேய்த்தால் கறுப்பாக ஒட்டினால் கரி. வெயிலில் காட்டிய பிறகும் எண்ணெய்க் கறை போகாவிட்டால் ஆயில். முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யவே கூடாது. வேதியியலில் படித்த கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இத்தனை நிறம் எழுதினேனே, ஆளைக் கொல்லும் அந்த ஒன்றுக்கு எந்த நிறமும் கிடையாது.

வளையல் பெரியம்மா கையில்தான் இருக்கிறது. பெரியப்பா இப்போது தினமும் காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டு, "டேய், பின்னாடி போய்ப் பாரு, என்ன கலரு?" என்று என்னைத்தான் கூப்பிடுகிறார்.

— பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்