இல்லாத ரேடியோ பாடுகிறது

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. பல வருடங்களாகக் காது மந்தம். இரண்டு மாதமாக, ராத்திரி படுத்ததும் பக்கத்து வீட்டில் பழைய சினிமாப் பாட்டு ஓடுவதாகச் சொல்கிறார். 'போய் ரேடியோவைக் குறைக்கச் சொல்லுடா' என்று என்னை விரட்டுகிறார். அங்கே பாட்டே இல்லை. மற்றபடி நினைவு, பேச்சு, பால் கணக்கு எல்லாம் தெளிவு. மனநோய் என்கிறார்கள் சிலர். மந்திரிக்கச் சொல்கிறார்கள் சிலர். என்ன செய்வது டாக்டர்?

பதில்: மந்திரிக்க வேண்டாம், காதைக் காட்டுங்கள். காது மந்தமான முதியவர்களில் சிலருக்கு இப்படி முழுப் பாட்டே கேட்கும், பெண்களுக்குக் கூடுதலாக. பெரும்பாலும் இளவயதில் கேட்டுப் பழகிய பாட்டுகள். மனச்சிதைவு நோயில் பொதுவாகக் கேட்பது பேச்சுக்குரல், பாட்டு அல்ல. எனவே அம்மாவிடம் வாதாடாதீர்கள். "உங்களுக்குக் கேட்பது நிஜம்தான், காது மந்தத்தால் வருகிறது" என்று சொல்லுங்கள். பைத்தியம் என்பார்களோ என்ற பயம் போனாலே பாதித் தொல்லை குறையும்.

மூளை, அடுத்து என்ன ஒலி வரும் என்று ஊகித்துக்கொண்டே இருக்கும். காது அனுப்பும் தகவல் அதைத் திருத்தும். அந்தத் தகவல் மெலிந்தால் ஊகமே பாட்டாகக் கேட்கும். நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் தொல்லை உள்ள ஒரு பெண்ணுக்கு வெளியே இசையை ஒலிக்கவிட்டு நிறுத்தினார்கள். உள்ளே கேட்ட இசையும் சிறிது நேரம் அடங்கியது. அம்மாவுக்கு ராத்திரி அமைதியில் பாட்டு கிளம்புவதும் வெளி ஒலி குறைந்துவிடுவதால்தான்.

ஆகவே காதுக்கு ஒலியைத் திருப்பிக் கொடுப்பதுதான் முதல் சிகிச்சை. குறும்பி அடைப்பு இருந்தால் எடுத்துவிட்டு, ஆடியோகிராம் பார்த்து, காது கேட்கும் கருவி பொருத்த வேண்டும். அம்மாவிடம் கருவி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நம் வீடுகளில் அது பெரும்பாலும் பீரோவில்தான் இருக்கிறது! இரைச்சல் தாங்கவில்லை என்று கழற்றி வைத்திருந்தால், ஆடியாலஜிஸ்ட் அளவைச் சரிசெய்து தருவார். படுக்கும்போது கருவியைக் கழற்றுவதால், அவர் காதுக்கு எட்டும்படி தலைமாட்டில் ரேடியோவை வையுங்கள்.

அவர் சாப்பிடும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்பிரின் அதிக அளவில் போனாலோ, டிராமடால் எடுத்தாலோ சிலருக்கு இப்படிக் கேட்கும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். வலிப்பு, கை கால் பலவீனம், நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நரம்பியல் மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்; ஒரு காது மட்டும் திடீரென மந்தமானால் காது மூக்கு தொண்டை மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்.

டோனெபெசில், குவெட்டியாபின் போன்ற மருந்துகள் சிலருக்கு உதவியிருக்கின்றன. ஆனால் அவை கடைசியில்தான். குவெட்டியாபின் தரும் தூக்கக் கலக்கத்தில் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பாட்டைவிட அது பெரிய தொல்லை.