படூரின் கழிவுநீர்க் கணக்கு

அன்புள்ள கயல்,

கழிவுநீர்ப் பாடம் இந்த செமஸ்டரில் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். சூத்திரங்களைக் கல்லூரியில் சொல்லித் தருவார்கள். நான் சென்னையை அடுத்த படூரை வைத்துச் சொல்கிறேன்.

சிறுசேரி சிப்காட்டும் பல்கலைக்கழகமும் வந்தபின் அடுக்குமாடிகளாக எழும்பிய ஊர் அது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது வழக்கமான கணக்கு. வீட்டுக்கு 4 பேராக 500 வீடுள்ள குடியிருப்பு என்றால் தினமும் 2,16,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 18 நடை. லாரியை நம்பி ஓர் ஊர் வளர முடியாது.

அதற்காக முதல் நாளே முழு அளவுக்கு ஒரே சுத்திகரிப்புத் தொட்டியைக் கட்டிவிடாதே. சாவி கொடுத்த புதிதில் பல வீடுகள் பூட்டியே கிடக்கும். அழுக்கைத் தின்று வாழும் நுண்ணுயிரிகள் பட்டினியில் செத்துப்போகும். மோட்டார் ஓடும், கரண்ட் பில் ஏறும், நீரில் நாற்றம் போகாது. மாணவர் விடுதிகளில் மே விடுமுறையிலும் இதே கதைதான். தொட்டியை இரண்டு மூன்றாகப் பிரித்துக் கட்டி, ஆள் வர வரத் திறக்க வேண்டும்.

குழாய் விஷயம் நேர்மாறு. ரோட்டை அடிக்கடி தோண்ட முடியாது என்பதால் 30 வருடத்துக்குப் பார்த்துப் பதிக்கிறோம். ஆனால் பெரிய குழாயில் கொஞ்சமாக நீர் ஓடினால் கசடு படியும். உச்ச நேரத்திலாவது நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் வேண்டும். இல்லையேல் கசடிலிருந்து கிளம்பும் வாயு கான்கிரீட்டை அரிக்கும், உள்ளே இறங்கியவரைக் கொல்லும். வேகத்துக்குச் சரிவு வேண்டும். கடலோரச் சமதளத்தில் சரிவு என்றால் ஆழம். அந்த ஆழத்தில், ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் உயர்ந்து, இணைப்புகள் வழியே குழாய்க்குள் புகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிலம். நீர் தானாக வந்துசேரும் பள்ளத்தில்தான் சுத்திகரிப்பு நிலையம் அமைய வேண்டும். ஏரியும் வரத்துக்கால்வாயும் இருப்பதும் அங்கேதான். அவற்றைத் தொடாமல் ஒரு துண்டு நிலத்தை, மனை விலை ஏறுமுன்பே ஒதுக்க வேண்டும். என்னைக் கேட்டால், மற்ற பிழைகளைப் பணம் போட்டுத் திருத்தலாம். கைவிட்ட நிலம் திரும்பாது.

குழாய் வரும்வரை செப்டிக் டேங்க்தான். அதன் கசடைக் கொட்ட முறையான இடம் இல்லாவிட்டால் அது கால்வாய்க்குத்தான் போகும். நம் மாவட்டத்துக் கருங்குழியில் 2017-இல் அதற்கென்றே ஒரு நிலையம் கட்டினார்கள். லீவுக்கு வரும்போது போய்ப் பார்ப்போம். அதற்குள் படூரில் வருடத்துக்கு எத்தனை வீட்டு மின் இணைப்புகள் கூடின என்று விசாரித்து வை. வளர்ச்சிக் கணக்கை அதிலிருந்து தொடங்கலாம்.

அன்புடன்,
பெரியப்பா