ஆய்வேட்டு அச்சுக்கோப்பில் லேடெக்: ஒரு தொடக்க அறிமுகம்

1977ஆம் ஆண்டு, தம் நூலின் புதிய பதிப்புக்கான மெய்ப்புகளில் எழுத்துகள் அழகிழந்து நிற்கக் கண்ட ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு நூத், மனம் பொறாது அச்சுக்கோப்பு மென்பொருள் ஒன்றைத் தாமே இயற்றத் தலைப்பட்டார். அதுவே டெக். ஈற்றெழுத்து கிரேக்க எழுத்தாதலின் 'டெக்ஸ்' என ஒலித்தல் பொருந்தாது. 1980களில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் அமைத்த எளிய கட்டளைத் தொகுதி லேடெக் ஆகும். விலையின்றிக் கிடைக்கும் 'டெக் லைவ்' தொகுப்பை நிறுவினால் துணைக்கருவிகளும் உடன் வந்துசேரும்.

இதில் எழுதுவோர் எழுத்தின் பருமனையும் இடைவெளியையும் பற்றிக் கவலுற வேண்டுவதில்லை. இஃது இயல், இஃது அடிக்குறிப்பு எனக் கட்டளையால் சுட்டினால் போதும். இடையில் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தால் பின்வரும் எண்கள் தாமே மாறும். ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளுக்கு முன்னிரவில் அடிக்குறிப்புகளுக்கு மீண்டும் எண்ணிட்டவர் இதன் அருமையை நன்கறிவர்.

தமிழுக்கு ஏற்றது, ஜொனாதன் கியூ 2004இல் வெளியிட்ட சீடெக். அது யூனிகோடு எழுத்துருக்களை நேரே ஏற்கும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகளை மட்டும் முன்னரே யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும். 'பாலிகிளாசியா' என்னும் துணைத்தொகுதியைச் சேர்த்தால், இசுலாமியத் தமிழிலக்கிய ஆய்வில் இடம்பெறும் அரபு மேற்கோள்களும் வலமிருந்து இடமாகச் செவ்வனே அமையும்.

புதியவரைத் திகைக்கவைப்பது வேறொன்று. முதன்முறை இயக்கியதும், பக்க எண்ணைச் சுட்ட வேண்டிய இடத்தில் இரண்டு வினாக்குறிகள் நிற்கும். இது பழுதன்று. முதல் ஓட்டத்தில் மென்பொருள் எண்களைத் துணைக்கோப்பில் குறித்துக்கொள்கிறது. அடுத்த ஓட்டத்தில்தான் அவற்றை எடுத்து உரிய இடத்தில் இடுகிறது. துணைநூற்பட்டியலும் இருப்பின், சீலேடெக், பைபர், மீண்டும் இருமுறை சீலேடெக் என இயக்குதல் முறை. இவ்வரிசையை நினைவிற்கொள்ள இயலாதார்க்கு 'லேடெக்எம்கே' என்னும் கருவி, வேண்டிய முறை தானே இயக்கித் தரும்.

துணைநூற்பட்டியலுக்குப் பழைய பிப்டெக்கினும் பைபரே தக்கது. அது யூனிகோடு முறைப்படி தமிழை அகரவரிசைப்படுத்த வல்லது. எனினும் மேலைநாட்டுக் குடும்பப்பெயர் வழக்கையொட்டி இது பெயர்களைப் பகுப்பதால், தந்தை பெயரின் தலைப்பெழுத்தை முன்னிட்டு எழுதும் நம் பெயர்கள் முன்பின்னாக மாறி அச்சாதல் கூடும். பெயரை இரட்டை நெளிவடைப்பினுள் இட்டால் எழுதியவாறே நிற்கும். ஆனால் அப்போது அகரவரிசை தலைப்பெழுத்தைப் பற்றிச் செல்லுமாதலின், வரிசைக்குரிய பெயரை 'சார்ட்நேம்' என்னும் புலத்தில் தனியே தந்துவிடுதல் வேண்டும்.