டிரோன் படம் வேறு, வரைபடம் வேறு: பொக்லைன் இறங்கும் முன் ஒரு பாடம்



ஆர்.எஸ்.புரத்தில் குடியிருந்துகொண்டு அன்னூர் பக்கம் ஏழு ஏக்கர் மேட்டுக்காட்டில் இயற்கை விவசாயம் செய்கிறேன். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கணக்கு, கம்ப்யூட்டர் என்று எது வந்தாலும் நண்பர்கள் என்னிடம் கேட்பது வழக்கம். இப்போது அதிகம் வரும் கேள்வி டிரோன் பற்றியது. மருந்து தெளிக்கிற டிரோன் அல்ல. நிலத்தை மேலிருந்து படமெடுத்து மேடு பள்ளம் காட்டுகிற டிரோன்.

"பண்ணைக்குட்டை வெட்டப் போறேனுங்க, டிரோன் சர்வே எடுத்துக்கலாமா?" "பையன் ஒரு டிரோன் வெச்சிருக்கான், அதிலேயே எடுத்துரலாமுங்களா?" இப்படித்தான் கேட்கிறார்கள்.

எடுக்கலாம். ஆனால் டிரோன் இருந்தால் மட்டும் போதாது. டிரோன், அதைப் பறக்கவிடும் செயலி, படங்களைக் கோக்கும் மென்பொருள், கடைசியில் மண் வெட்டுகிறவர் கையில் போய்ச் சேரும் கோப்பு, இந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒரு இடத்தில் பொருந்தாவிட்டாலும் கையில் மிஞ்சுவது அழகான போட்டோதான். அதை நம்பிப் பொக்லைனை இறக்கினால், நாம் வருடக்கணக்கில் மூடாக்குப் போட்டு, பலதானியம் விதைத்து வளர்த்த மேல்மண் தப்பான இடத்தில் புரட்டப்பட்டுவிடும். ஆகவே இதைப் பாடமாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்வி: எதற்கு?

கடன் கேட்டு வருகிறவரிடம் நாங்கள் முதலில் கேட்பது, "பணம் எதற்கு?" என்பதுதான். டிரோன் சர்வேக்கும் அதையே கேட்டுக்கொள்ளுங்கள்.

மரங்களை எண்ணவும், எந்த மூலையில் பயிர் வாடுகிறது என்று பார்க்கவும் சாதாரணப் படமே போதும். வேலி நீளம், பாத்திப் பரப்பு அளக்க, இடம் பிசகாத படம் வேண்டும். குட்டை வெட்ட, வரப்பு போட, சமமட்டக் கரை எடுக்க உயரம் துல்லியமாக வேண்டும். இந்த மூன்றாவதுதான் கட்டுமான வேலை. செலவும் இதில்தான், ஏமாற்றமும் இதில்தான்.

முதல் பொருத்தம்: டிரோனும் செயலியும்

வரைபடத்துக்குப் பறப்பது கல்யாண வீட்டில் பறப்பது மாதிரி அல்ல. ஏர் உழுகிற மாதிரி சால் சாலாகப் போய்வர வேண்டும். முன்னும் பின்னும் எடுத்த படங்கள் 75 முதல் 80 சதவீதம், பக்கத்துச் சால் படங்கள் 65 முதல் 70 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். ஒரே கல்லைப் பல கோணங்களில் பார்த்தால்தான் மென்பொருளால் அதன் உயரத்தைக் கணக்கிட முடியும்.

இந்தச் சால் ஓட்டத்தைத் தானாகச் செய்யத் தனிச் செயலிகள் உண்டு. டிரோன் கம்பெனி கதவைத் திறந்துவிட்டால்தான் வெளிச் செயலி அந்த டிரோனை ஓட்ட முடியும். ஒரே கம்பெனியின் ஒரு மாடலில் கதவு திறந்திருக்கும், அடுத்த மாடலில் பூட்டியிருக்கும். திரை பதித்தே வரும் சில ரிமோட்களில் வெளிச் செயலியை ஏற்றவே வழியிருக்காது. "இந்த டிரோன் மேப்பிங் செய்யுமா?" என்று கேட்டால் கடைக்காரர் "செய்யும்" என்றுதான் சொல்வார். "எந்தச் செயலியில், எந்தப் போனில்? இப்போதே ஓட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

ஆர்டுபைலட் என்ற திறந்த மென்பொருளில் இயங்கும் டிரோன்களும் உண்டு. அவற்றை மிஷன் பிளானர் என்ற இலவச மென்பொருளிலேயே சால் போட்டு ஓட்டலாம். இன்னொன்று, 2022 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசு வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்குத் தடை போட்டது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. உதிரிபாகம் வரலாம், முழு டிரோன் வரக்கூடாது. வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரரிடம் வாங்கி வரச் சொல்லும் முன் இதை நினைவில் வையுங்கள்.

இரண்டாம் பொருத்தம்: படமும் மென்பொருளும்

இங்கே நல்ல செய்தி உண்டு. படத்தைக் கோக்கும் மென்பொருளுக்கு அது எந்த டிரோனில் எடுத்தது என்பது பெரிய விஷயமே இல்லை. ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரம் பதிந்திருந்தால் போதும். செயலி ஒத்துழைக்காத டிரோனையும் கையால் சால் சாலாக ஓட்டி, இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு படம் என்று எடுத்தால் வேலை நடக்கும். வீடியோ மட்டும் எடுத்து வராதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமும் உதவாது. அதில் தரமும் குறைந்துவிடும், இட விவரமும் அழிந்துவிடும். மெமரி கார்டில் இருப்பதை அப்படியே வாங்குங்கள்.

டிரோன்டிப்ளாய், பிக்ஸ்ஃபோர்டி, மெட்டாஷேப் எல்லாம் காசு கொடுத்து வாங்குபவை. சிலவற்றுக்கு வருடாவருடம் சந்தா கட்ட வேண்டும். கட்டுவதை நிறுத்தினால் கதவு மூடிவிடும். ஒவ்வொரு பட்டத்துக்கும் விதை வாங்கச் சொல்கிற கதைதான். ஓப்பன்டிரோன்மேப் என்பது நாட்டுவிதை மாதிரி. இலவசம், யாரும் பயன்படுத்தலாம், பகிரலாம். 60 மீட்டர் உயரத்தில் பறந்தால் என் ஏழு ஏக்கருக்கு நூறு, நூற்றைம்பது படம் வரும். 16 ஜிபி நினைவகம் உள்ள கணினி அதற்குத் தாங்கும். வந்த வரைபடத்தைத் திறந்து அளக்க கியூஜிஐஎஸ், அதுவும் இலவசம்.

மூன்றாம் பொருத்தம்: வரைபடமும் வேலைக்காரரும்

என் பக்கத்துத் தோட்டத்து நண்பர் பணம் கொடுத்து சர்வே எடுத்தார். வந்தது ஒரு பெரிய பிரிண்டும் ஒரு ஜேபிஇஜி படமும். குட்டை வெட்ட வந்த பொறியாளர், "இதில் உயரமே இல்லையே, நான் எப்படிங்க கணக்குப் போடறது?" என்று கேட்டுவிட்டார். எடுத்தவரைக் கூப்பிட்டால் போன் எடுக்கவில்லை.

ஆகவே முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். இடவிவரம் உள்ள ஜியோடிஃப் படம், உயரத்துக்கு ஒரு தனி ஜியோடிஃப், சமமட்டக் கோடுகளுக்கு டிஎக்ஸ்எஃப் கோப்பு, மூலப் படங்கள், இந்த நான்கும் வர வேண்டும்.

கொங்கு நாட்டுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. மீட்டர் கணக்கில் அளக்க உலகத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்திருக்கிறார்கள். 78 டிகிரி தீர்க்கரேகை நம் நடுவே போகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்கள் 43-ம் பட்டையில், கரூர், நாமக்கல், சேலம் 44-ம் பட்டையில். சேலத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர் அமைப்பை மாற்ற மறந்தால் நம் காடு வேறு எங்கோ போய் உட்கார்ந்துவிடும்.

உயரத்திலும் இப்படி ஒன்று. கோவை நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 411 மீட்டர். ஜிபிஎஸ் தன் சொந்தக் கணக்கில் இதை ஏறக்குறைய 90 மீட்டர் குறைத்துக் காட்டும். இரண்டில் எதுவும் தப்பில்லை. ஆனால் ஒரு வரைபடம் ஒரு கணக்கிலும் இன்னொன்று வேறு கணக்கிலும் இருந்தால் ஒன்றோடொன்று சேராது.

அரைச் சாண் பிழையின் விலை

மேலே 30-க்கு 30 மீட்டர், ஆழம் 2 மீட்டர், பக்கச் சரிவு ஒன்றுக்கு ஒன்றரை என்று ஒரு குட்டை வெட்டினால் அடியில் 24-க்கு 24 வரும். மண் 1,464 கன மீட்டர். 100 கன அடி ஒரு யூனிட் என்றால் சுமார் 517 யூனிட். நிலமட்டம் 10 செ.மீ. பிசகினால், அதாவது அரைச் சாண், 90 கன மீட்டர் கணக்கு மாறும். அது கிட்டத்தட்ட 32 யூனிட்.

சமமட்டக் கரையில் பிழை இன்னும் பெரிதாகும். 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்குகிற சரிவில், உயரம் 30 செ.மீ. தப்பினால் கோடு 30 மீட்டர் தள்ளிப் போய்விடும். கரை நீரைத் தேக்காமல் ஒரு பக்கமாக ஓடவிட்டு உடைத்துக்கொண்டு போகும். ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. மழை என்றாலே சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். அது உடைத்தால் மேல்மண்ணையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும்.

சாதாரண டிரோனின் ஜிபிஎஸ் பக்கவாட்டில் சில மீட்டர் பிசகும், உயரத்தில் அதைவிட மோசம். தரையில் அளந்த புள்ளிகள் இல்லாமல் நேர்கீழாக மட்டுமே படமெடுத்தால், சமமான காடுகூட நடுவில் குழிந்த வட்டில் மாதிரி தெரியும். "ஆஹா, குட்டைக்கு இயற்கையான பள்ளம்" என்று அங்கே போய் வெட்டுவோம், தண்ணீர் வராது. ஆர்டிகே வசதி உள்ள டிரோன் நல்ல சூழலில் சில செ.மீ. துல்லியம் தரும். அதற்கும் தரையில் ஒரு நிலையத்தின் துணை வேண்டும். 2020-ல் தொடங்கிய ஸ்வமித்வா திட்டத்தில் கிராம நத்தங்களை டிரோனில் அளக்கும் இந்திய சர்வே துறையே தரை நிலையங்களைத் துணைக்கு வைத்துத்தான் அளக்கிறது.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். கேமராவுக்குத் தெரிவது மட்டை, தரை அல்ல. அந்தப் படத்தில் வரும் சமமட்டக் கோடு தென்னங்கொண்டையின் மட்டம். அடர்ந்த தோப்பில் கேமரா சர்வேயை நம்பாதீர்கள். மேட்டுக்காட்டில் சோளத்தட்டு அறுத்து, தரை தெரியும்போது எடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சின்ன டிரோனைச் சாலில் நிற்கவிடாது, அந்த மாதங்களைத் தவிருங்கள்.

டியூப் லெவல் பரீட்சை

கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். நான் செய்வது இது:

1. பறக்கும் முன் காட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும், இன்னும் இரண்டு இடங்களிலும் சுண்ணாம்பில் பெருக்கல் குறி போடுங்கள். மேலிருந்து தெரிகிற அளவு பெரிதாக இருக்கட்டும்.
2. கிணற்று மேடை மாதிரி அசையாத ஒரு இடத்தைப் பூஜ்யமாக வைத்து, ஏழு குறிகளின் உயர வித்தியாசத்தையும் டியூப் லெவலில் எடுத்து நோட்டில் எழுதுங்கள். தூரமாக இருந்தால் நடுவில் முளை அடித்து இரண்டு மூன்று தாவலில் போகலாம். திரும்பிக் கிணற்று மேடைக்கு வரும்போது கணக்கு மறுபடி பூஜ்யம் வர வேண்டும்.
3. ஐந்து குறிகளின் அளவை மட்டும் சர்வே எடுப்பவரிடம் கொடுங்கள். குறிகளின் இடத்தை அவர் தன் கருவியில் அளந்துகொள்ளட்டும். மீதி இரண்டின் உயரத்தைச் சொல்லாதீர்கள்.
4. வரைபடம் வந்ததும் அந்த இரண்டையும் சரிபாருங்கள். உங்கள் நோட்டுக்கும் வரைபடத்துக்கும் 5 செ.மீ.க்குள் வித்தியாசம் என்றால் பொக்லைனைக் கூப்பிடலாம். 10 செ.மீ. தாண்டினால் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். இடைப்பட்டால் வெட்டும் இடத்தில் மட்டும் மறுபடி லெவல் பாருங்கள்.

மொத்தம் அரை நாள் வேலை.

சட்டம்

2021 டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கும், வியாபாரம் அல்லாத மைக்ரோவுக்கும் பைலட் சான்று வேண்டாம். கூலிக்கு மைக்ரோ அல்லது அதற்கு மேற்பட்ட டிரோன் ஓட்ட வருகிறவரிடம் சான்று, டிரோனின் பதிவு எண், இன்சூரன்ஸ் மூன்றையும் கேளுங்கள். பசுமை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம். விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிதான். அதைவிட நெருங்கினால் அனுமதி வேண்டும். நமக்குப் பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம் இரண்டும் இருப்பதால் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டே பறக்கவிடுங்கள்.

நிலம் எடுக்க வந்தால்

ரோடு போடுகிறவர்களிடமும் இன்று டிரோன் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021 முதல் தன் வேலைகளை மாதாமாதம் டிரோன் வீடியோவாகப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறது. உயர்மின் கோபுரம், எரிவாயுக் குழாய், புறவழிச்சாலை என்று கொங்கு மண்டல விவசாயி பட்டது போதும். நம் பக்கமும் ஒரு பதிவு இருப்பது நல்லது.

தேதியோடு, திருத்தாத மூலப் படங்களோடு உள்ள வரைபடம், நம் காட்டில் எத்தனை மரம், எங்கே கிணறு, எங்கே கரை என்று காட்டும். 2013 நிலமெடுப்புச் சட்டத்தின் 29-ம் பிரிவு மரத்துக்கும் கட்டுமானத்துக்கும் மதிப்புப் போடச் சொல்கிறது. அப்போது இந்தப் பதிவு பேச்சுக்குத் துணை நிற்கும். ஆனால் எல்லைத் தகராறில் இது புலப்படத்துக்கு மாற்று ஆகாது. எல்லைக்கல்லை சர்வேயர்தான் காட்ட வேண்டும். டிரோன் படத்தை வைத்துக்கொண்டு பங்காளியோடு வரப்புச் சண்டைக்குப் போகாதீர்கள்.

கடைசியாக

ஆளுக்கு ஒரு டிரோன் வாங்கத் தேவையில்லை. வருடத்துக்கு ஒரு நாள் வேலைக்கு அவ்வளவு முதலீடு தாங்காது. பத்துப் பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் கூலிக்கு எடுங்கள், படங்களைக் கோக்க ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். மூலப் படங்களை இரண்டு இடத்தில் சேமியுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை ஐந்து: எந்தச் செயலியில் ஓட்டுவீர்கள்? தரைக்குறி வைப்பீர்களா? எந்தப் பட்டை, எந்த உயரக் கணக்கு? எந்தெந்தக் கோப்பு தருவீர்கள்? என் இரண்டு குறியில் உயரம் தப்பினால் திரும்ப வருவீர்களா?

ஐந்தாவது கேள்விக்கு "வர்றேனுங்க" என்று எழுதிக் கொடுப்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.